ஞானம் என்ன விலை, மாமா?

சென்ற இதழில் சாலொமோன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், திருச்சானூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கிறிஸ்தவ ஞானத்தைப் பற்றியே கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அதுதான்.

கே: ஞானம் என்ன விலை, மாமா?
– மளிகைக் கடைக்காரர், திருச்சானூர்

ப: யோபு புத்தகத்தின் 28ஆம் அதிகாரம் முழுக்க இந்த விலை விசாரணைதான். மனுஷன் மலையைக் குடைகிறான், வெள்ளி எடுக்கிறான், இரும்பு எடுக்கிறான். ஞானம் மட்டும் எந்தச் சுரங்கத்திலும் இல்லை. ஓப்பீரின் தங்கத்தைக் கொட்டினாலும் கிடைக்காது. காசுக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பில் கேளுங்கள். ஆள் அப்புறம் தெருப்பக்கமே வரமாட்டார்.

கே: காசு செல்லாது என்றால் வேறு எப்படி வாங்குவது?
– அதே கடைக்காரர்

ப: வாயைத் திறந்து கேட்டுத்தான். யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார். கேட்டவனைக் கடவுள் கடிந்துகொள்வதுமில்லையாம். கைமாற்று கேட்டால்கூட நாலு பேச்சு வாங்குகிற ஊரில் இது பெரிய சலுகை.

கே: அலர்மேல்மங்கைத் தாயார் குடியிருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இயேசுவின் ஞானம் பேசலாமா?
– கல்லூரி மாணவன், திருப்பதி

ப: நானூறு வருஷத்துக்கு முன்பே பேசியாயிற்று, தம்பி. சந்திரகிரிக் கோட்டையிலிருந்து ஆண்டவர் இரண்டாம் வேங்கடபதி தேவராயர் (1586–1614). தன் பொற்காசில் ஸ்ரீவேங்கடேஸ்வரர் பெயரைப் பொறித்தவர். அவருடைய சிலை திருமலைக் கோயிலுக்குள்ளேயே நிற்கிறது.

அந்த ராஜாதான் 1598 வாக்கில் இயேசு சபைப் பாதிரிகளைச் சந்திரகிரியில் வரவேற்றார். தேவாலயம் கட்ட அனுமதி கொடுத்தார். அரண்மனைப் பண்டிதர்களோடு அவர்களை வாதிடவிட்டுக் கேட்டார். அவர்கள் கொண்டுவந்த ஓவியங்களை ஆசையாகப் பார்த்தார். மதம் மாறவில்லை. தன் சாமியைக் கெட்டியாகப் பிடித்திருந்தவருக்கு அடுத்தவர் சாமியைப் பற்றிக் கேட்கப் பயமே இருக்கவில்லை. கோட்டைக்குப் பஸ்ஸில் போனால் அரை மணி. போய்ப் பார்.

கே: அந்தப் பாதிரிகள் என்ன சாதித்தார்கள்?
– வரலாற்று ஆசிரியை, சந்திரகிரி

ப: தலை எண்ணினால் ரொம்பக் குறைவு. ஆனால் அவர்களில் அந்தோணியோ ரூபினோ என்று ஓர் இத்தாலியர் இருந்தார். கணிதமும் வானியலும் படித்தவர். இங்கே பிராமணர்கள் கிரகணத்தைக் கணித்துச் சொல்லும் துல்லியத்தைப் பார்த்து அதிசயித்து ஊருக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில் ஜப்பானுக்குப் போய் 1643இல் நாகசாகியில் விசுவாசத்துக்காக உயிரைவிட்டார். கற்றுக்கொடுக்க வந்த இடத்தில் கற்றுக்கொண்டவர். வாத்தியார்களில் இந்த ரகம் அபூர்வம், அம்மா. உங்களுக்குத் தெரியாததா?

கே: இதையெல்லாம் திருமலையில் ஏறிச் சொல்லலாமா?
– வேன் டிரைவர், ரேணிகுண்டா

ப: கூடாது. அங்கே பிற மதப் பிரசாரத்தை ஆந்திர அரசு 2007இலேயே தடை செய்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும் கூடாது. அடுத்தவர் வீட்டுப் பூஜை அறையில் நின்று என் சாமி கதையை ஆரம்பிப்பது பக்தியில் சேராது.

கே: ராபர்ட் தெ நொபிலி காவி கட்டியது வேஷம்தானே?
– ஓய்வுபெற்ற தாசில்தார், சித்தூர்

ப: வேஷம் போட்டவர் மேடை இறங்கியதும் கலைத்துவிடுவார், ஐயா. இயேசு சபைப் பாதிரியான இவர் மதுரைக்கு வந்தது 1606. மயிலாப்பூரில் இறந்தது 1656. ஐம்பது வருஷம் சைவச் சாப்பாட்டோடு வேஷம் போட எந்த நடிகனாலும் முடியாது. அவருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர் சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமணர். சொந்தச் சபைக்காரர்களே ரோம்வரை புகார் கொண்டுபோனார்கள். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார்.

குறையும் சொல்ல வேண்டும். சாதி வேறுபாட்டை ஊர் வழக்கம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். அதன் கசப்பு இன்னும் போகவில்லை. திருச்சியில் செத்தவர்களைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்துச் சுவர் வைத்த கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் உண்டு. உயிர்த்தெழும் நாளில் அந்தச் சுவரை யார் தாண்டுவது, யார் சுற்றிக்கொண்டு வருவது?

கே: சாலொமோனைவிட ஞானி உண்டா?
– பிளஸ் டூ மாணவி, புத்தூர்

ப: கிபியோனில் கனவில் கடவுள் வந்து என்ன வேண்டும் என்றார். பையன் பணமும் கேட்கவில்லை, எதிரியின் தலையும் கேட்கவில்லை. நியாயம் தீர்க்கத் தெரிந்த இருதயம் கேட்டான். இதுவரை முதல் மார்க். அப்புறம் 700 மனைவிகள், 300 மறுமனைவிகள், அவர்கள் பின்னாலேயே வழிதவறிப் போன முதுமை. ஞானத்தை வாங்கத் தெரிந்தவர், வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

கே: புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை மனசுக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், நகரி

ப: தங்கச்சி, பிடித்தது வரும்வரை எடுப்பதற்கு அது சீட்டுக் குலுக்கல் இல்லை. நல்ல எதிர்காலம் தருவேன் என்று ஊரெல்லாம் அச்சடிக்கும் எரேமியா 29ஆம் அதிகாரத்தை முழுசாகப் படி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. 11ஆம் வசனம் அட்டையில் வரும். எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்லும் 10ஆம் வசனத்தை எந்த அட்டைக்காரரும் அச்சடிப்பதில்லை.

கே: பன்னிரண்டு மணி நேரம் தறியில் உட்காருகிறேன். ஜெபிக்க நேரம் ஏது?
– நெசவாளர், நாராயணவனம்

ப: பாரிஸில் பதினேழாம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு கார்மேல் சபைத் துறவி. மடத்துச் சமையல்காரர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவேயே கடவுளோடு பேசிப் பழகினார். அவருடைய பேச்சையும் கடிதங்களையும் தொகுத்த சின்னப் புத்தகத்தை மேல்நாட்டில் இன்றும் விரும்பிப் படிக்கிறார்கள். பவுல் அப்போஸ்தலரும் கூடாரத் தொழிலாளிதான். உங்கள் தறிச் சத்தம் கடவுளுக்கு இடைஞ்சல் என்று உங்களுக்கு யார் சொன்னது, அண்ணே?

கே: எல்லாம் மாயை என்கிறார் பிரசங்கி. அப்புறம் காலையில் ஏன் எழ வேண்டும்?
– ஐ.டி. ஊழியர், பெங்களூரு, சொந்த ஊர் பலமனேர்

ப: மாயை என்றவர் அதோடு படுத்துக்கொள்ளவில்லை, பன்னிரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறார். சாப்பிடு, உழைப்பின் பலனை அனுபவி, அது கடவுள் கொடுத்த பங்கு என்று நடுநடுவே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த வரிகள் வருவதற்குள் நீ புத்தகத்தை மூடிவிட்டாய், மாப்பிள்ளை.

கே: நிறையப் படித்தால் ஞானம் வருமா?
– இறையியல் மாணவர், வேலூர்

ப: தாமஸ் அக்வினாஸைவிட நிறைய எழுதியவர் குறைவு. 1273 டிசம்பர் 6ஆம் தேதி பூசை முடித்து வந்தவர் பேனாவை வைத்துவிட்டார். தான் கண்டதற்கு முன்னால் தன் எழுத்தெல்லாம் வெறும் வைக்கோல் என்றார். அவருடைய பெரிய நூல் அரைகுறையாகவே நின்றது. இதைக் காட்டித் தேர்வுக்குப் போகாமல் இருந்துவிடாதே. அவர் வைக்கோல் என்றது அத்தனையும் எழுதிய பிறகு.

கே: கடவுள் நல்லவர் என்றால் வலி எதற்கு?
– புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தாயின் மகள், சித்தூர்

ப: உன் கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லமாட்டேன், அம்மா. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டின் கதையைச் சொல்கிறேன். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம். அழுகவில்லை, உணர்ச்சி மரத்துப்போனதால் காயப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று கண்டவர் அவர். ராத்திரியில் விரல் குறைவது எப்படி என்று காவல் வைத்துப் பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்குகிறவருக்கு உறைக்கவில்லை. அதன் பிறகு வீடு திரும்பிய நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். வலி ஒரு கொடை என்று பிராண்ட் சாகும்வரை சொன்னார். வலியே இல்லாதவர்களின் கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்னார்.

அவரிடம் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு முடங்கிப்போனவர்களுக்காக ஒரு மறுவாழ்வு மையத்தையே வேலூரில் உருவாக்கினார். ஏன் எனக்கு என்ற கேள்விக்கு அவருக்கு விடை கிடைத்ததா, தெரியாது. அடுத்து என்ன செய்ய என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிரு. யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று: முதல் ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கே: ஊழியம் என்றால் மைக் பிடித்துப் பேசுவதுதானே?
– வாலிபர் சங்கச் செயலாளர், சித்தூர்

ப: உங்கள் ஊருக்கு அந்த வழியில் சுவிசேஷம் வந்திருந்தால் எப்போதோ காற்றோடு போயிருக்கும். ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷனின் ஆரம்ப நிலையங்களில் சித்தூரும் ஒன்று. அந்தக் குடும்பத்துப் பெண் ஐடா. இந்தியா வேண்டவே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூன்று பேருக்கும் மனைவி பிரசவத்தில். ஆண் டாக்டரை அனுமதிக்க மூவருமே மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

ஐடா அமெரிக்கா போய் டாக்டராகி 1900இல் திரும்பி, ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அப்படி வளர்ந்ததுதான் சி.எம்.சி. இன்று சித்தூரிலும் சி.எம்.சி. வளாகம் இருக்கிறது. அந்த ராத்திரி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. கதவைத்தான் தட்டினார்கள்.

கே: எங்கள் பக்கத்துக்கு ஏதாவது சொல்லுங்க மாமா!
– தக்காளி வியாபாரி, மதனபள்ளி

ப: உங்கள் ஊரை ஒட்டியே ஆரோக்கியவரம் இருக்கிறதே! டென்மார்க் டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமொட்-மொல்லர் தலைமையில் பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் மருத்துவமனை, 1915 முதல். 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆரம்பித்த இரண்டு இடங்களில் ஒன்று டெல்லி, இன்னொன்று மதனபள்ளி. மேடையில் ஒன்றுசேராத சபைகள் நோயாளியின் கட்டிலைச் சுற்றி ஒன்றுசேர்ந்தன.

கே: லெந்து நாற்பது நாளும் கறி தொடவில்லை. பெருமைப்படலாமா?
– கிராம நிர்வாக ஊழியர், பாகாலா

ப: மிச்சமான கறிக் காசு யாரிடம் போனது என்று முதலில் சொல்லுங்கள். ஏசாயா 58ஆம் அதிகாரம் உபவாசத்தைப் பசித்தவனின் தட்டில்தான் தேடுகிறது.

கே: ஜெபம் தமிழிலா, தெலுங்கிலா? வீட்டில் சண்டை.
– கலப்புக் குடும்பம், சத்தியவேடு

ப: அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்கியபோது அவரவருக்கு அவரவர் மொழியில் கேட்டது. எல்லோரையும் ஒரே மொழிக்கு மாற்றவில்லை. நம் ஜில்லாக்காரன் தெலுங்கில் கணக்குப் போட்டுத் தமிழில் திட்டுகிறவன். திட்டும்போது தானாக வருகிற மொழியிலேயே ஜெபியுங்கள். மனசு அங்கேதான் இருக்கிறது.

கே: ராமாநுஜரைக் கிறிஸ்தவர் படிக்கலாமா?
– வைணவ நண்பரை உடைய கிறிஸ்தவர், திருப்பதி

ப: பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி படித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் சுவிசேஷத்தையும் நம் பக்தி இலக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து பட்டம் வாங்கினார். 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கிப் புத்தகம் எழுதினார். உலகம் இறைவனுக்குச் சரீரம் என்று ராமாநுஜர் சொன்னதைத் துணைக்கு எடுத்துக்கொண்டுதான் தன் விசுவாசத்தை விளக்கினார். 1950இல் கோயம்புத்தூரின் பேராயரானார். படித்தால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்குப் பேராயரே பதில்.

கே: கிறிஸ்தவர்களில் கம்பருக்கு ஈடாக யார்?
– தமிழாசிரியர், திருத்தணி

ப: ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). வைணவக் குடும்பம், கம்பராமாயணம் கேட்டே வளர்ந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையை எடுத்துக்கொண்டு 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். கதை பெட்ஃபோர்டுக்காரருடையது, செய்யுள் நெல்லைக்காரருடையது. மதம் மாறினார்; கம்பரைக் கைவிடவில்லை.

வீரமாமுனிவரையும் விடக்கூடாது. அவருடைய தேம்பாவணிக்கு நாயகன் சூசையப்பர். நான்கு சுவிசேஷங்களிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. தேம்பாவணியில் 3,615 பாட்டு! வாயே திறக்காமல் வேலையைப் பார்த்த தச்சருக்கு இவ்வளவு பெரிய மரியாதை தமிழில்தான் கிடைத்தது.

கே: வேதாகமத்தில் ஒரே ஒரு புத்தகம் ஒருவரின் வாழ்க்கையை மாற்றுமா?
– செவிலியர், புங்கனூர்

ப: திருவிதாங்கூரில் நீலகண்ட பிள்ளை என்று ஓர் அதிகாரி. நஷ்டமும் கவலையும் நெருக்கிய நேரத்தில் டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், பெயர் தேவசகாயம். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் ரோமில் புனிதர் பட்டம். யோபுவுக்குப் போனதெல்லாம் திரும்பக் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை, தெரிந்தேதான் போனார்.

கே: அமைதியாக நாலு நாள் தியானம் செய்ய எங்கே போகலாம்?
– வங்கி மேலாளர், காளஹஸ்தி

ப: குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளிக் காவிரிக்கரையில், சாந்திவனம். 1950இல் மொன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கியது. 1968இல் பீட் கிரிஃபித்ஸ் வந்து 1993இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இன்னும் கிட்டத்தில், திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் இரண்டு டாக்டர்கள் நிறுவியது: தமிழரான ஜேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர்-பேட்டன். ஊரார் பெரியண்ணன், சின்னண்ணன் என்றார்கள். சின்னண்ணன் பணக்கார வீட்டுப் பிள்ளை. கதர் உடுத்தி நின்றதற்காக 1932இல் சென்னையில் போலீஸ் அடி வாங்கினார். வெள்ளைக்கார அரசாங்கத்தில் வெள்ளைக்காரர்! அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் நம் கோயில் சிற்ப முறையில் நிற்கிறது. போகும்போது செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் எடுத்துப் போனால் வங்கியும் கூடவே வரும்.

கே: ஒரு ஊழியக்காரர் அபிஷேக எண்ணெய் பாட்டிலுக்குக் காசு கேட்கிறார். தரலாமா?
– விதவைத் தாய், ஏகாம்பரகுப்பம்

ப: தராதீர்கள், தாயே. பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணத்துக்குக் கேட்ட மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு சொல்லாலேயே வெளுத்து வாங்கினார். அன்று வாங்க வந்தவனுக்கே அந்த அடி. விற்கிறவனுக்கு? அந்தக் காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்குங்கள்.

கே: உண்மையான ஞானியை எப்படி அடையாளம் காண்பது?
– போலீஸ்காரர், கார்வேட்டிநகரம்

ப: விசாரணை உங்கள் தொழில், சாட்சி யார் என்று மட்டும் சொல்கிறேன். பிரசங்கம் கேட்டவர்களை விடுங்கள். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவை விசாரியுங்கள். மேலிருந்து வரும் ஞானத்துக்குச் சாந்தமும் இரக்கமும்தான் அடையாளம் என்கிறார் யாக்கோபு.

கே: வெள்ளிக்கிழமை தவறாமல் தாயார் சந்நிதிக்குப் போகிறவள் நான். நீதிமொழிகள் படிக்கலாமா?
– இல்லத்தரசி, திருச்சானூர்

ப: தாராளமாக, அக்கா. அந்தப் புத்தகமே அப்படி வளர்ந்ததுதான். 22ஆம் அதிகாரத்தின் பிற்பாதியில் தொடங்கும் பகுதி, எகிப்தின் அமெனமோபே என்பவரின் உபதேசத்தோடு வெகுவாக ஒத்துப்போகிறது என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். கடைசி அதிகாரம் லேமுவேல் ராஜாவுக்கு அவன் அம்மா சொன்ன புத்திமதி. பக்கத்து நாட்டு நல்ல சொல்லைப் பைபிள் சேர்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் புத்தகத்தைத் திறக்க நீங்கள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கே: சரி மாமா, எங்கிருந்து ஆரம்பிக்க?
– பலர், பல ஊர்கள்

ப: நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். மாதத்துக்கு அதிகபட்சம் 31 நாள். ஒன்றைப் படிக்கப் பத்து நிமிஷம் ஆகாது. நேற்று விட்டுப்போனதற்காக உட்கார்ந்து வருத்தப்படாதீர்கள், முதல் அதிகாரத்துக்கும் திரும்பிப் போகாதீர்கள். இன்றைக்கு என்ன தேதியோ, அந்த அதிகாரத்தைத் திறங்கள்.